ஆசிலாஸ்கோப் பவர் சப்ளை பழுது: எங்கே தொடங்குவது, எப்படிச் சரிசெய்வது

ஸ்கோப் ஆன் ஆகவில்லை. ஆன் ஆகியும் திரையில் கோடு வரவில்லை. கோடு வந்தும் நெளிகிறது. சூடேறியதும் தானாக அணைந்துவிடுகிறது. இந்த நான்கு புகார்களில் எது வந்தாலும் முதல் சந்தேகம் பவர் சப்ளை மீதுதான் விழ வேண்டும். அதற்காக உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாகக் கழற்றிப் புதிதாகப் போடத் தொடங்கிவிடக் கூடாது. அப்படிப் போட்டால் ஒன்று துருவம் மாறும், இன்னொன்றின் பேட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும், கடைசியில் பழைய பழுதோடு நாமே உண்டாக்கிய பழுதும் சேர்ந்துகொள்ளும். முதலில் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சப்ளை கெட்டிருக்கிறதா, இல்லை நல்ல சப்ளையை வேறெதுவோ கீழே இழுக்கிறதா? கீழே சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். கணக்குகள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸை வைத்துச் சொல்லப்படுகின்றன. 60 ஹெர்ட்ஸ் இடங்களில், கீழே வரும் 100 ஹெர்ட்ஸ் என்பதை 120 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர், வேலை செய்யும் இன்னொரு ஸ்கோப் (எவ்வளவு பழையதானாலும் போதும்), ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் தடை) மீட்டர், கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், டங்ஸ்டன் இழை பல்பும் அதற்கு ஹோல்டரும், 10 கிலோ ஓம் 5 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல். அனலாக் காலத்து ஸ்கோப்புகளுக்கு முழு சர்க்யூட்டோடு மேனுவல் கிடைப்பது பெரிய வசதி. அது இல்லாமலும் வேலை நடக்கும், நேரம்தான் கூடும்.

கை வைக்கும் முன்

எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன், ஆஃப் செய்து வோல்ட்டேஜை மாற்றும் சுவிட்சிங் சப்ளை) வகையில் மெயின்ஸ் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். ஓடிக்கொண்டிருந்த சப்ளை என்றால் பிளக்கைப் பிடுங்கியதும் அந்தச் சார்ஜை அதுவே தின்று தீர்த்துவிடும். ஓடாத சப்ளையில் அதைத் தின்ன ஆளில்லை. சார்ஜை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டரும் ஓப்பன் ஆகியிருந்தால் வெகுநேரம் கழித்துத் தொட்டாலும் அடிக்கும். அதாவது செத்துக் கிடக்கும் சப்ளைதான் அதிக ஆபத்து. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள வயரைச் சேர்த்து, கெப்பாசிட்டரின் குறுக்கே வைத்துப் பிடியுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் என்றால் 5 விநாடியில் காலி, 220 என்றால் 11 விநாடி. பிறகு மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் டிராக் எரியும், கெப்பாசிட்டரும் உள்ளே அடிபடும்.

பிக்சர் டியூப் உள்ள ஸ்கோப்பில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கின்றன. டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ எடுத்துக்கொண்டால் டியூபின் கேத்தோடில் மைனஸ் 2450 வோல்ட், ஆனோடையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 18 கிலோ வோல்ட். சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட்டோடு நின்றுவிடும். ஹை வோல்ட்டேஜ் புரோப் இல்லாதவர்கள் அந்த ஹை வோல்ட்டேஜ் பகுதியின் பெட்டியைத் திறக்காமலே மற்ற வேலைகளை முடிக்கலாம்.

அளக்கும் ஸ்கோப்பின் புரோப் கிரவுண்ட் கிளிப் நேராக எர்த்தோடு சேர்ந்தது. அதை எஸ்எம்பிஎஸ் பிரைமரி (மெயின்ஸ்) பக்கக் கிரவுண்டில் மாட்டினால் பிரிட்ஜ் டயோடு வழியாக மெயின்ஸ் ஷார்ட் ஆகும், பட்டாசு வெடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் பழுதான செட்டுக்குத்தான் போட வேண்டும். அளக்கும் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு மிதக்க விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நாம் கை வைக்கும் ஸ்கோப்பின் உடல் முழுவதும் 300 வோல்ட்டில் இருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இருக்கும் செட்டில் ஷாக் அடித்தால் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு பிரேக்கர்) டிரிப் ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். உயிர்ப்பான சர்க்யூட்டில் ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள்.

பவர் கொடுக்காமலே தெரிந்துவிடுபவை

முதலில் பின்பக்க வோல்ட்டேஜ் செலக்டரைப் பாருங்கள். 115-இல் வைத்திருந்த செட்டில் 230 கொடுத்திருந்தால் வேரிஸ்டர் வெடித்திருக்கும் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி கருகியிருக்கும்.

அடுத்தது ஃபியூஸ். கண்ணாடிக்குள் கம்பி மட்டும் மெல்ல அறுந்திருந்தால் வயசாகியிருக்கலாம் அல்லது சின்ன ஓவர்லோடு. கண்ணாடியின் உள்பக்கம் கறுத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ இருந்தால் அது முழு ஷார்ட். அப்படிப்பட்ட செட்டில் புது ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பது வீண், அதுவும் அதே நொடியில் போகும்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் போர்டைப் பாருங்கள். மேல் முகம் உப்பிய கெப்பாசிட்டர் எளிதில் கண்ணில் படும், ஆனால் சின்ன சைஸ்கள் உப்பாமலே காய்ந்து போகும். அடியில் பழுப்புக் கறை, மீன் நாற்றம், பச்சை பூத்த டிராக் ஆகியவை எலக்ட்ரோலைட் கசிந்ததற்கான அடையாளம். மெயின்ஸ் ஃபில்டரில் மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற உறையோடு இருக்கும் ரிஃபா பேப்பர் கெப்பாசிட்டர்களைத் தனியாகக் கவனியுங்கள். உறையில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று பொருள். இன்றில்லாவிட்டால் நாளை புகை கக்கும். இதை மட்டும் அளந்து பார்க்கத் தேவையில்லை, கண்டதும் மாற்றிவிடலாம். பெரிய பாகங்களை அசையாமல் ஒட்டப் பூசிய மஞ்சள் பசையும் ஒரு வில்லன். வருடக்கணக்கான சூட்டில் பழுப்பாகி, மின்சாரம் கடத்தவும் அருகிலுள்ள கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.

போர்டின் மறுபக்கத்தில் கனமான பாகங்கள், ஹீட் சிங்கில் மாட்டிய டிரான்சிஸ்டர்கள், கனெக்டர் பின்கள் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி சாலிடரில் மெல்லிய வளையக் கோடு தெரிகிறதா பாருங்கள். அதுதான் டிரை சாலிடர். தட்டினால் வேலை செய்கிறது, சூடானால் நிற்கிறது என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். பழைய சாலிடரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே பூசினால் கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

கடைசியாக ஒவ்வொரு சப்ளை லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்து குறித்து வையுங்கள். அனலாக் ஸ்கோப்பில் 15 வோல்ட் லைன் 1 ஓம் காட்டினால் சந்தேகமே வேண்டாம், ஷார்ட். டிஜிட்டல் ஸ்கோப்பில் அவசரப்படக் கூடாது. பெரிய சிப்களுக்குப் போகும் 1.2 வோல்ட் போன்ற லைன்கள் நல்ல நிலையிலேயே சில ஓம்தான் காட்டும்.

பல்பு வழியாக முதல் பவர்

மெயின்ஸ் வழியில் ஒரு டங்ஸ்டன் பல்பைத் தொடராக இணைத்துப் பவர் கொடுங்கள். லீனியர் சப்ளைக்கு 60 வாட், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 100 வாட். எல்இடி பல்பு உதவாது, இழை சூடாகும்போது தடை ஏறும் குணம்தான் இங்கே பாதுகாப்பு. உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்கு மேல் விடாது.

ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் பிரிட்ஜ், சுவிட்சிங் டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர், ஏதோ ஒரு லைன் ஆகியவற்றில் ஒன்று ஷார்ட். விட்டு விட்டு மின்னினால் எஸ்எம்பிஎஸ் தொடங்கித் தொடங்கி நிற்கிறது. கொஞ்சம்கூட எரியாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், தெர்மிஸ்டர் எதுவோ ஓப்பன்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வேரியாக் வைத்து மெல்ல மெல்ல வோல்ட்டேஜை ஏற்றுவது நல்ல பழக்கமில்லை. அது தனக்குத் தேவையான வாட்டை எப்படியும் எடுக்கும். உள்ளே வரும் வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டிக்கொள்ளும், சுவிட்சிங் டிரான்சிஸ்டர் அதில் வேகும். வேரியாக் லீனியர் சப்ளைக்கான கருவி.

லீனியர் சப்ளை

பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கனத்த ஃபில்டர் கெப்பாசிட்டர், ஹீட் சிங்கில் பாஸ் டிரான்சிஸ்டர் (லோடுக்குப் போகும் கரண்ட் இதன் வழியாகத்தான் போகும்). பழைய அனலாக் ஸ்கோப்புகள் பலவற்றில் இதுதான். அளப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பலவற்றில் ஒரு லைன்தான் தாய் லைன், மற்றவை அதை ரெஃபரன்ஸாக வைத்துத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். டெக்ட்ரானிக்ஸ் 465-இல் 110, 55, 15, 5, மைனஸ் 8 என ஐந்து லைன்கள். இதில் 55 வோல்ட்தான் தாய். அது 50-க்கு இறங்கினால் மற்ற நான்கும் சேர்ந்து தவறும். ஐந்து லைன்களிலும் பழுது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் தாய் லைனைப் பாருங்கள்.

ஒவ்வொரு லைனிலும் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: ரெகுலேட்டருக்கு முன், ரெகுலேட்டருக்குப் பின். நான்கு விதமான முடிவுகள் வரலாம்.

முன்னால் சரி, பின்னால் குறைவு, பாஸ் டிரான்சிஸ்டர் கொதிக்கிறது என்றால் லோடு அதிகமாக இழுக்கிறது. சப்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

முன்னால் சரி, பின்னால் குறைவு, ஆனால் டிரான்சிஸ்டர் சில்லென்று இருக்கிறது என்றால் ரெகுலேட்டர் பகுதியில்தான் ஏதோ ஓப்பன். பேஸ் டிரைவ், ஜீனர், எர்ரர் ஆம்ப்ளிஃபையர் எனப் பின்னோக்கிப் போங்கள்.

பின்னால் வர வேண்டியதைவிட அதிகம், கிட்டத்தட்ட முன்னால் இருப்பதே வருகிறது என்றால் பாஸ் டிரான்சிஸ்டரில் கலெக்டர், எமிட்டர் ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள், அந்த லைனில் தொங்கும் ஐசிகள் உங்கள் தயவில் இருக்கின்றன.

முன்னாலேயே குறைவு என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர், பிரிட்ஜ், அல்லது இரண்டுக்கும் இடையில் ஒரு சாலிடர்.

முதல் இரண்டையும் பிரிக்க விரலைவிட நம்பகமான வழி கரண்ட் லிமிட் ரெசிஸ்டர். பாஸ் டிரான்சிஸ்டருக்குத் தொடராக 0.47 ஓம் போன்ற சின்ன மதிப்பில் ஒன்று இருக்கும். அதன் குறுக்கே 0.6 வோல்ட் விழுந்தால் 1.3 ஆம்பியருக்கு அருகில் ஓடுகிறது, லிமிட் வேலை செய்கிறது, கோளாறு லோடில். 0.1 வோல்ட்தான் விழுகிறது, ஆனாலும் லைன் தாழ்ந்திருக்கிறது என்றால் கோளாறு ரெகுலேட்டரில்.

ஃபில்டர் கெப்பாசிட்டர் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1 ஆம்பியர் லோடு, 4700 மைக்ரோ ஃபாரட், முழு அலை ரெக்டிஃபயர்: இரண்டு முகடுகளுக்கு நடுவே அதிகபட்சம் 10 மில்லி விநாடி, அதில் வோல்ட்டேஜ் சுமார் 2 வோல்ட் இறங்கும். கெப்பாசிட்டர் காய்ந்து 1000 மைக்ரோ ஃபாரட்தான் மிச்சம் என்றால் இறக்கம் பத்து வோல்ட்டை நெருங்கப் பார்க்கும். 7805 போன்ற 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு அவுட்புட்டைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக உள்ளே வர வேண்டும். பள்ளம் 7 வோல்ட்டுக்குக் கீழே போகும் ஒவ்வொரு முறையும் 5 வோல்ட் லைனிலும் ஒரு வெட்டு விழும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் என்பதால் 4.8 வோல்ட், பரவாயில்லையே என்று தோன்றும். ஸ்கோப்பில் பார்த்தால்தான் வெட்டு தெரியும்.

ரிப்பிளின் (டிசி மேல் மிச்சமிருக்கும் இந்த ஏற்ற இறக்கத்தின்) வேகமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜ் முழுமையாக இருக்கிறது, கெப்பாசிட்டரைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பன் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதி வரவில்லை, கெப்பாசிட்டரை மாற்றிப் பயனில்லை. கோடு நெளியும் ஸ்கோப்பில் இன்னொரு ஸ்கோப் இல்லாமலே இதைப் பார்த்துவிடலாம்: இன்புட்டை கிரவுண்டில் வையுங்கள், ஸ்வீப்பை கட்டத்துக்கு 5 மில்லி விநாடி, டிரிக்கர் மூலத்தை 'லைன்' (மெயின்ஸ்) என்பதில் வையுங்கள். நெளிவு அசையாமல் நின்றால் அது மெயின்ஸோடு பிறந்தது. முகட்டுக்கு முகடு 2 கட்டம் என்றால் 100 ஹெர்ட்ஸ், 4 கட்டம் என்றால் 50. ஓடிக்கொண்டே இருந்தால் மூலம் வேறெங்கோ. நெளிவு நிற்கிறது, ஆனால் எல்லா லைனும் சுத்தம் என்றால் டியூபைச் சுற்றிய காந்தக் கவசம் இடம் மாறியிருக்கலாம், அல்லது பக்கத்து மேசையில் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம்.

தாய் லைனில் ஒரு டிரிம் பாட் இருக்கும். கை பரபரக்கும், தொடாதீர்கள். அதை நகர்த்தினால் வெர்டிகல் கெயினிலிருந்து ஸ்வீப் நேரம் வரை எல்லா கேலிபிரேஷனும் சேர்ந்து நகரும். மேனுவல் தரும் எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டும், பழுதை நீக்கிய பிறகு, நல்ல மீட்டரை வைத்துத் திருப்புங்கள்.

ஷார்ட் ஆன லைன்: டாண்டலம் வேட்டை

எழுபது, எண்பதுகளின் ஸ்கோப்புகளில் சப்ளை லைன் ஷார்ட் என்றால் முதல் குற்றவாளி டாண்டலம் கெப்பாசிட்டர். மழைத்துளி வடிவில், பளிச்சென்ற நிறத்தில், ஒவ்வொரு போர்டிலும் நாலைந்து இருக்கும். எலக்ட்ரோலிடிக் காய்ந்து ஓப்பன் பக்கம் போகும் என்றால், டாண்டலம் நேராக ஷார்ட் ஆகும். சத்தமும் புகையும் இருந்தால் அதிர்ஷ்டம், எது என்று தெரிந்துவிடும். பல நேரம் வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது.

முதலில் லைனை போர்டு போர்டாகப் பிரியுங்கள். கனெக்டரையோ ஜம்பரையோ கழற்றி, எந்தப் போர்டைப் பிரித்ததும் ஓம் ஏறுகிறது என்று பாருங்கள். போர்டு தெரிந்ததும் பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்பியர் லிமிட்டில் வைத்து, செட்டுக்கு மெயின்ஸ் இல்லாமல், அந்த லைனில் சரியான துருவத்தில் கொடுங்கள். 0.3 ஓம் ஷார்ட் என்றால் 0.3 வோல்ட்தான் நிற்கும், அதில் எந்த சிலிக்கான் ஜங்ஷனும் கடத்தாது, மற்ற பாகங்கள் பத்திரம்.

இப்போது மீட்டரை மில்லிவோல்ட் தெரியும் 2 வோல்ட் எல்லையில் வைத்து, கறுப்பு முனையை பெஞ்ச் சப்ளையின் மைனஸ் சேரும் இடத்தில் நிறுத்தி, சிவப்பு முனையை லைன் டிராக்கின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். 298, 291, 284 மில்லிவோல்ட் என்று இறங்கும். ஷார்ட் ஆன கெப்பாசிட்டரைத் தாண்டியதும் எண் அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் அந்தப் பக்கம் கரண்ட் போகவில்லை. எண் இறங்குவது நிற்கும் இடத்தில்தான் ஆள் இருக்கிறார். ஒரு காலைத் தூக்கிவிட்டு ஓம் அளந்தால் உறுதியாகிவிடும். தெர்மல் கேமரா உள்ளவர்களுக்கு இத்தனை பாடு வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லப் பூசி, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும்.

10 ஓம், 47 ஓம் போன்ற சின்ன ரெசிஸ்டர் ஒன்று கருகிக் கிடந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு நகராதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் டாண்டலம்தான் அதைக் கொன்றது. லைனில் முழு ஷார்ட்டாகத் தெரியாமல் இருந்ததற்கும் அந்த ரெசிஸ்டர்தான் காரணம்.

மாற்றும்போது வோல்ட்டேஜில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 வோல்ட் லைனில் 35 வோல்ட் டாண்டலம், 5 வோல்ட்டில் 16. குறைந்தது இரண்டு மடங்கு. துருவம் பலரைக் கவிழ்க்கும் இடம்: டாண்டலத்தில் கோடு அல்லது குறி போட்ட பக்கம் பிளஸ், அலுமினிய எலக்ட்ரோலிடிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். டாண்டலத்தை எடுத்துவிட்டு அலுமினியத்தைப் போடும்போது இரண்டையும் கலந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து.

எஸ்எம்பிஎஸ்

முதல் கேள்வி பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் இருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் ஃபியூஸ், தெர்மிஸ்டர், பிரிட்ஜ். இருந்தும் அசைவே இல்லை என்றால் கண்ட்ரோலர் ஐசி எழவில்லை. எடுத்துக்காட்டுக்கு யூசி3842-ஐ வைத்துக்கொள்வோம், இதன் உறவினர்கள் ஏராளமான சப்ளைகளில் இருக்கிறார்கள்.

7-ஆம் பின் இதன் சப்ளை. 16 வோல்ட் வந்தால் எழும், 10-க்குக் கீழே போனால் தூங்கும். முதல் 16 வோல்ட்டைக் கொடுப்பது 325-இலிருந்து வரும் 200 கிலோ ஓம் அளவிலான ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர். இரவும் பகலும் 300 வோல்ட்டைச் சுமக்கும் இது வயதானால் மதிப்பு ஏறும், பிறகு ஓப்பன் ஆகும். 7-ஆம் பின்னில் பூஜ்யமோ சில வோல்ட்டோ நிற்கிறது என்றால், பவரை எடுத்து, கெப்பாசிட்டரைக் காலி செய்து, இதை அளங்கள். கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது, ஆகவே பாதி மதிப்பில் இரண்டைத் தொடராகப் போடுங்கள். ரெசிஸ்டர் நல்லதாக இருந்தால் ஐசியே பின்னை ஷார்ட் செய்து கீழே பிடித்திருக்கிறது.

7-ஆம் பின் 10-க்கும் 16-க்கும் இடையே ஏறி இறங்கி, காதில் டிக் டிக் என்று கேட்டால் ஐசி எழுகிறது, ஆனால் நிலைக்கவில்லை. காரணம் மூன்றில் ஒன்று: அந்தப் பின்னில் இருக்கும் 47 அல்லது 100 மைக்ரோ ஃபாரட் சின்னக் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது, ஐசிக்குத் தொடர்ந்து பவர் தரும் துணைச் சுற்றின் டயோடு போய்விட்டது, அல்லது செகண்டரியில் (அவுட்புட் பக்கம்) ஷார்ட். மலிவானதிலிருந்து தொடங்குங்கள். சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னக் கெப்பாசிட்டரை மாற்றியதும் எழுந்து நிற்கும் சப்ளைகள் அதிகம்.

ஐசியை மெயின்ஸ் இல்லாமலே சோதிக்கலாம், பாதுகாப்பும் அதிகம். பெஞ்ச் சப்ளையிலிருந்து 18 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் லிமிட்டில், 7-ஆம் பின்னுக்கும் 5-ஆம் பின்னுக்கும் கொடுங்கள். 8-இல் 5 வோல்ட், 4-இல் ரம்பப்பல் அலை, 6-இல் பல்ஸ். மூன்றும் இருந்தால் ஐசி நலம். அதே பல்ஸ் மாஸ்ஃபெட்டின் (சுவிட்சிங் டிரான்சிஸ்டரின்) கேட் வரை போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி ஃபியூஸ் கறுத்திருந்தால் அது மட்டும் போயிருக்காது. சோர்ஸில் இருக்கும் கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர் (ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும்), கேட் ரெசிஸ்டர், ஐசியின் 6-ஆம் பின், பிரிட்ஜ் டயோடுகள் ஆகிய எல்லாவற்றையும் அளங்கள். பிரைமரியின் குறுக்கே இருக்கும் ஸ்னப்பர் டயோடையும் கெப்பாசிட்டரையும் விட்டுவிடாதீர்கள். அவை ஓப்பன் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பைக்கைப் பிடிக்க ஆளில்லாமல் புது மாஸ்ஃபெட்டும் ஆன் செய்த நொடியில் போகும். எல்லாம் மாற்றியபின் முதல் பவர் கண்டிப்பாக பல்பு வழியாகத்தான்.

சப்ளை ஓடுகிறது, வோல்ட்டேஜ் சரியில்லை என்றால் எல்லா அவுட்புட்டும் ஒரே விகிதத்தில் தவறியிருக்கிறதா என்று பாருங்கள். 5 வோல்ட் 6 ஆகவும் 12 வோல்ட் 14.4 ஆகவும் நின்றால் ஃபீட்பேக் பகுதி: டிஎல்431 (ரெஃபரன்ஸ் ஐசி), ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னலை பிரைமரிக்குக் கடத்துவது), அவற்றைச் சுற்றிய ரெசிஸ்டர்கள். டிஎல்431-இன் ரெஃபரன்ஸ் காலில் 2.5 வோல்ட் இருக்க வேண்டும். ஒரே ஒரு அவுட்புட் மட்டும் தவறினால் அந்த லைனின் சொந்த டயோடும் கெப்பாசிட்டரும்தான்.

லோடைக் கழற்றிச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பல எஸ்எம்பிஎஸ்கள் லோடே இல்லாமல் எழாது அல்லது தாறுமாறாக வோல்ட் காட்டும். நல்ல சப்ளையைக் கெட்டது என்று முடிவு கட்டும் முன் 5 வோல்ட் லைனில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள், 12 வோல்ட் லைனில் ஒரு சின்ன கார் பல்பு போதும். சில டிஜிட்டல் ஸ்கோப்புகளில் முன்பக்க பட்டன் அழுத்தினால்தான் மெயின் போர்டிலிருந்து ஆன் சிக்னல் வரும். அந்தக் கனெக்டரைக் கழற்றிவிட்டு சப்ளை வரவில்லை என்று தேடுவது நேர விரயம்.

செகண்டரி கெப்பாசிட்டர்களுக்கு மைக்ரோ ஃபாரடைவிட ஈஎஸ்ஆர் முக்கியம். மதிப்பு சரியாகக் காட்டும் கெப்பாசிட்டரே ஈஎஸ்ஆர் ஏறி ரிப்பிளைக் கொட்டும். தோராயமாக 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட்டில் 0.1 ஓமுக்கு மேலும், 100 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட்டில் அரை ஓமுக்கு மேலும் காட்டினால் மாற்றுங்கள். டிஜிட்டல் ஸ்கோப் பாதி பூட் ஆகித் திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் இதுதான். ரிப்பிள் அளக்கும்போது புரோப்பின் நீண்ட கிரவுண்ட் வயரைக் கழற்றி, முனையை ஒட்டிய ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள், ஸ்கோப்பின் 20 மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் வரும் சுவிட்சிங் இரைச்சலை ரிப்பிள் என்று நம்பிவிடுவீர்கள்.

ஹை வோல்ட்டேஜ் பகுதி

எல்லா லைனும் சரி, பவர் விளக்கும் எரிகிறது, பீம் ஃபைண்டர் பட்டனை (திரைக்கு வெளியே போன கோட்டை உள்ளே காட்டுவது) அழுத்தியும் ஒளி இல்லை என்றால் ஹை வோல்ட்டேஜ் ஆசிலேட்டர் ஓடவில்லை. அதற்குத் தனி ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால், அணைத்து, சார்ஜைக் காலி செய்து, மல்டிப்ளையரின் (வோல்ட்டேஜைப் பல மடங்காக்கும் பகுதியின்) இன்புட்டைக் கழற்றுங்கள். ஃபியூஸ் நின்றால் மல்டிப்ளையர் போய்விட்டது. நிற்காவிட்டால் ஆசிலேட்டர் டிரான்சிஸ்டர் அல்லது டிரான்ஸ்ஃபார்மர். திரையில் ஒளி வந்தும் பிரைட்னஸைக் கூட்டினால் படம் பெரிதாகி மங்குகிறது என்றால் ஹை வோல்ட்டேஜ் ரெகுலேஷன் தளர்ந்திருக்கிறது, அதன் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் மெகா ஓம் கணக்கில் இருக்கும், மதிப்பு ஏறியிருக்கும்.

பாகம் வாங்கும்போது

ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு 105 டிகிரி வகை. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிக்கும். செகண்டரிக்கு லோ ஈஎஸ்ஆர் வகை. மெயின்ஸ் குறுக்கே எக்ஸ்2, மெயின்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒய்2 பாதுகாப்பு வகை கெப்பாசிட்டர்கள் மட்டுமே. சாதாரண 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் அளவில் பொருந்தினாலும் அங்கே போடக் கூடாது. எஸ்எம்பிஎஸ் செகண்டரியில் 1என்4007 போட்டால் வேகம் தாங்காமல் சூடாகிச் சாகும். குறைந்த கரண்ட் என்றால் யூஎஃப்4007, தாழ்ந்த வோல்ட் லைனில் ஷாட்கி. 79 வரிசை (மைனஸ் வோல்ட் தரும்) ரெகுலேட்டர்களின் உலோக முதுகு கிரவுண்ட் அல்ல, இன்புட். பிளஸ் வோல்ட் தரும் 78 வரிசையில் போடுவதுபோல இன்சுலேஷன் இல்லாமல் ஹீட் சிங்கில் திருகினால் ஷார்ட். அவுட்புட்டில் 1 மைக்ரோ ஃபாரட் டாண்டலமோ 25 மைக்ரோ ஃபாரட் அலுமினியமோ இல்லாவிட்டால் 79 வரிசை அலைபாயும். ஃபியூஸ் என்ன மதிப்போ அதே மதிப்பு, அதே வேகம்.

மூடுவதற்கு முன்

பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸில் ஒவ்வொரு லைனையும் டிசியிலும் ரிப்பிளிலும் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். அதே அளவுகளை ஒரு மணி நேரம் ஓடிய பின் மூடியைப் போட்ட நிலையில் மறுபடி எடுங்கள். திறந்த மேசையில் குளிர்ந்திருந்த பாகம் பெட்டிக்குள் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஃபேன் காற்றை இழுக்கிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பாருங்கள். முன்பக்க கேலிபிரேட்டர் சதுர அலையைக் கொடுத்து உயரம், நேரம் இரண்டும் கட்டத்தில் பொருந்துகின்றனவா பாருங்கள். பேட்டரியால் காக்கப்படும் மெமரியில் கேலிபிரேஷனை வைத்திருக்கும் மாடல் என்றால், ஆன் ஆகும்போது வரும் பிழைச் செய்தியையும் படித்துவிடுங்கள். கடைசியாக பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் அளங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் லக்கைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையோ துருவையோ சுரண்டி, பல் வாஷர் வைத்து மறுபடி முடுக்குங்கள்.